சப்பாத்தைக் கழற்றச் சொன்னவள்

சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் எந்த ஆம்பிளைக்காவது ஊரிலிருந்து பெண்டாட்டி வருகிறாள் என்று தெரிந்தால் போதும், சந்திரமதி அவனைப் பிடித்து நிறுத்திவிடுவாள். துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் வேலைக்குப் போகிற ஒண்டிக்கட்டைகளுக்கு மாதச் சாப்பாடு போடுகிறவள் அவள். அடுக்குக் கேரியரில் சோறும் குழம்பும் அவள் வீட்டு மாடியிலிருந்து இறங்கினால்தான் அவர்களுக்கு மத்தியானம். அதனால் அவள் பேச்சை யாரும் தட்ட முடியாது.

"தம்பி, ஏர்போர்ட்டுக்குக் கால்ல என்ன போட்டுக்கிட்டுப் போவே?"

"சப்பாத்துதான்க்கா. தோல் பூட்சு, புதுசா வாங்கி வச்சிருக்கேன்."

"அதைத் தூக்கிப் பரண்ல போடு. செருப்புப் போட்டுக்கிட்டுப் போ. உன் கால் அந்தப் பொண்ணு கண்ணுல படணும். இல்லேன்னா நாளையிலேருந்து உனக்கு இங்க சோறு கிடையாது."

புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கு ஒரு சுற்றுக் கழன்றுவிட்டது என்று நினைக்கிறவர்களும் உண்டு. நினைத்துவிட்டுப் போகட்டும். ஐம்பத்தொன்பதாம் வருஷம் அவள் பாய லேபார் விமான நிலையத்தில் வந்திறங்கிய அந்தச் சாயங்காலம் அவள் பட்ட பாட்டில் கால்வாசி பட்டிருந்தால், இந்தச் சிரிக்கிற சூரர்கள் வேட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஓடியிருப்பார்கள்.

அவளுக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். கோவிந்தசாமி சிங்கப்பூரிலிருந்து கல்யாணத்துக்கென்றே வந்து, அவளைக் கட்டிக்கொண்டு, அடுத்த கப்பலில் திரும்பிவிட்டவன். கல்யாணப் பெண் தலையை நிமிர்த்தினால் ஊர் என்ன பேசும்? மணவறையில் அவள் பார்த்ததெல்லாம் மனைப்பலகையும் அதன்மேல் இருந்த அவன் காலும்தான். தீயைச் சுற்றி வந்தபோதும் அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியேதான் நடந்தாள். முன்னால் இரண்டு குதிகால்கள் போய்க்கொண்டிருந்தன. மெட்டி போடும் சடங்கிலும், கால் கழுவி விட்டபோதும் அந்தக் கால்தான். இடது காலில் கட்டைவிரலுக்கு அடுத்த விரல், கூட்டத்தில் முண்டியடித்து ஏறுகிறவன் மாதிரி கட்டைவிரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்திருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் இருந்த கொஞ்ச நாளில் முகம் பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வீடு நிறைய உறவுக்காரர்கள். பகலெல்லாம் அவள் அடுப்படியில், அவன் தெருவில். ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் கதவையே சாத்துவார்கள். பேசியதும் குசுகுசுவென்றுதான். சிங்கப்பூர் போன பிறகு ஒரு போட்டோ அனுப்பினான். அதில் பெரிய மீசையும், கண்ணை மறைத்து ஒரு கறுப்புக் கண்ணாடியும் இருந்தன. மூக்கு மட்டும் மிச்சம். ஒரு மூக்கை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

இப்படியே வருஷங்கள் ஓடின. அந்தச் சமயத்தில்தான், ஐந்து வருஷத்துக்கு மேல் புருஷனைப் பிரிந்திருக்கிற பெண்டாட்டிகளை இனி உள்ளே விடமாட்டார்களாம் என்று சிங்கப்பூரில் ஒரு பேச்சு கிளம்பியது. அவர்களுக்குக் கல்யாணமாகி அந்த ஆவணியோடு ஐந்து முடிகிறது. கோவிந்தசாமி பதறிப்போய்க் கப்பல் டிக்கெட்டு அனுப்பினான். கப்பல் புறப்படுவதோ ஆடியில். ஆடியில் பெண்ணைப் புருஷனிடம் அனுப்புவதா? அவள் அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டாள். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், குடும்பத்துக்கு ஆகாது, சட்டமாவது கிட்டமாவது என்றாள். கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தால் கெடு தாண்டிவிடும். அதனால்தான் மாட்டுவண்டியிலிருந்து ரயிலுக்கும், ரயிலிலிருந்து நேராக ஆகாய விமானத்துக்கும் ஏறினாள் சந்திரமதி.

புறப்படும்போது அத்தைக்காரி ஒருத்தி அவளைத் தனியே கூப்பிட்டாள். எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு அத்தை இருக்கத்தான் செய்கிறாள்.

"வந்து நிக்கிறவனையெல்லாம் புருஷன்னு நெனச்சுடாதேடி. அந்தச் சீமையில பொம்பளை பிடிக்கிறவன் உண்டாம். கூட ஒரு பொம்பளையையும் வச்சிருப்பானுவளாம், தேனா பேசுறதுக்கு. முகத்தை நல்லா பாத்துட்டுக் கூடப் போ."

முகத்தைப் பார்க்க வேண்டுமாம். விமானம் கிளம்பியதிலிருந்து அவளுக்கு அதே நினைப்புத்தான்.

விமானம் வழியில் ஒரு ஊரில் இறங்கி ஏறிற்று. இரண்டாவது தடவை இறங்கியபோது பக்கத்துச் சீட்டுக்காரர், "சிங்கப்பூர்ம்மா, இறங்கு," என்றார். ஆனால் முன்வரிசையில் சில பேர் எழுந்திருக்கவே இல்லை, உட்கார்ந்தபடியே இருந்தார்கள். இது கடைசி ஊர் இல்லை போலிருக்கிறதே, சரியான ஊரில்தான் இறங்குகிறோமா என்று முதல் சந்தேகம் அங்கேயே பிடித்துக்கொண்டது.

உள்ளே பாஸ்போர்ட்டைப் பார்த்தவர் ஒரு தமிழர். "புருஷன் பேர் என்னம்மா?" என்று கேட்டார். புருஷன் பேரை எப்படி வாயால் சொல்வது? அவள் தன் தகரப் பெட்டியைத் திருப்பி வைத்தாள். மகள் தொலைந்துபோய்விடக் கூடாது என்று அவள் அப்பா அதில் வெள்ளைப் பெயிண்டால் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: சந்திரமதி, கணவர் பெயர் கோவிந்தசாமி, சிங்கப்பூர். அவர் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

வெளியே வந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரே கூட்டம். அவள் பழக்கப்படி தலையைக் குனிந்து கால்களைத் தேடினாள். தேடினால் என்ன தெரியும்? வரிசையாகச் சப்பாத்துகள் நின்றன. கறுப்பு, பழுப்பு, வெள்ளை எல்லாம் இருந்தன. ஒரு விரல் கூட வெளியே தெரியவில்லை. மன்னார்குடியில் தாசில்தாரைத் தவிர வேறு யாரும் சப்பாத்துப் போட்டு அவள் பார்த்ததில்லை.

"சந்திரமதி?"

எதிரே ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்து. அவள் கண்ணை அரை அங்குலம் உயர்த்தினாள். காக்கிக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். மீசையே இல்லாத, ஒட்டிப்போன முகம். காதோரம் நரை. போட்டோவில் இருந்த ஆள் இவனா? மூக்கு ஒருவேளை அதுவாக இருக்கலாம். மூக்கில்லாதவன் யார்?

"நான்தான். வா," என்றான் அவன். கரகரத்த குரல்.

நான்தான் என்றால் எந்த நான்? பேர் சொல்லிக் கூப்பிட்டானே என்று அரை வினாடி ஆறுதல் வந்தது. அடுத்த வினாடி அவன் அவளுடைய பெட்டியைத் தூக்கினான். அப்பாவின் கொட்டை எழுத்து அவளைப் பார்த்துப் பல்லிளித்தது. பேர் தெரிந்துகொள்வதற்குப் புருஷனாக இருக்க வேண்டியதில்லை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும்.

அவன் முன்னால் நடந்தான். அவள் பின்னால் போனாள். போகாமல் என்ன செய்வது? ஆயிரம் கல்லுக்கு அப்பால் தனியாக நிற்பதைவிடப் போவதுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது. நாலு எட்டு நடந்ததும் அதைக் கவனித்தாள். அவன் வலது காலைத் தாங்கித் தாங்கி வைத்தான். அதை மறைக்கப் பார்த்து மெதுவாக நடந்தான். தீயைச் சுற்றி முன்னால் போன அந்தக் குதிகால்களை அவளுக்குத் தெரியும். அவை தாங்கி நடக்கவில்லை. வண்டி மாடு மாதிரி அழுத்தமாக ஊன்றி நடந்தன.

மஞ்சள் தலை டாக்சி ஒன்று நின்றது. ஓட்டுகிறவன் சீனன், பனியன் போட்டிருந்தான். அவளைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்து என்னவோ சொன்னான். அவளைக் கூட்டிவந்தவன் அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, தான் போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டான். கட்டின புருஷனாக இருந்தால் ஐந்து வருஷம் கழித்து வருகிறவளின் பக்கத்தில் உட்கார மாட்டானா? ஒரு வார்த்தை, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்க மாட்டானா?

வண்டி கிளம்பியது. முதலில் தென்னை மரமும் கூரைவீடும் வந்தன. அதுவரை பரவாயில்லை. அப்புறம் கடைத்தெரு வந்தது. சந்திரமதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பலகையெல்லாம் கட்டம் கட்டமாக, குச்சி குச்சியாக ஏதோ எழுத்து. அடுத்த கடையிலும் அதேதான். கறுப்புக் கால்சட்டை போட்ட பெண்கள் மரக்கட்டைச் செருப்பு சடசடக்க ஓடினார்கள். உரித்த பன்றி தலைகீழாகத் தொங்கியது. வேட்டி கட்டிய ஒரு ஆளைக்கூடக் காணோம்.

கோவிந்தசாமி கடிதத்துக்குக் கடிதம் என்ன எழுதியிருந்தான்? 'இங்கே எல்லாம் நம்ம ஊர்க் கடைத்தெரு மாதிரியேதான், எங்கே திரும்பினாலும் தமிழ்தான்.' அவன் பொய் சொல்லவில்லை. அவனுடைய சிங்கப்பூர் மூன்று தெருதான், அந்த மூன்றில் அப்படித்தான். அது அவளுக்கு எப்படித் தெரியும்? இது சிங்கப்பூரே இல்லை, சீனாக்காரன் ஊர் என்று அவள் தீர்மானித்துவிட்டாள். எழுந்திருக்காமல் விமானத்தில் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள்தான் சிங்கப்பூர் போகிறவர்கள். பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எவனோ ஒருத்தன் அவளை அழைத்துக்கொண்டு போகிறான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கு இருட்டவே வேண்டியிருக்கவில்லை.

கதவைத் திறந்து குதித்துவிடலாமா? கையால் தடவிப் பார்த்தாள். ஒரு பிடி அகப்பட்டது. திருகினாள். கதவு திறக்கவில்லை, கண்ணாடிதான் கீழே இறங்கியது. புகை உள்ளே வந்து முகத்தில் அடித்தது. எட்டிப் பார்த்தால் தெருவோரம் பூராவும் நெருப்பு. வீட்டுக்கு வீடு வாசலில் தகர டப்பாவில் எரியவிட்டிருந்தார்கள். பக்கத்தில் ஊதுவத்தி, சோறு, ஆரஞ்சுப் பழம், முழு வாத்து எல்லாம் வைத்திருந்தது. ஒரு கிழவி கட்டுக்கட்டாகப் பண நோட்டு மாதிரி எதையோ நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். சீனர்கள் செத்துப்போனவர்களுக்குப் படைக்கிற மாதம் அது, எரிவது வெறும் காகிதம் என்பதெல்லாம் இன்றைக்கு அவளே மற்றவர்களுக்குச் சொல்வாள். அன்றைக்கு, பணத்தை எரிக்கிறவர்கள் மனுஷியை என்ன செய்ய மாட்டார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. சற்றுத் தள்ளி ஒரு மேடை. முகத்தில் சிவப்பும் வெள்ளையும் அப்பிக்கொண்ட ஒருவன் அதன்மேல் நின்று கத்தினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மாரியம்மாவைக் கூப்பிட்டாள்.

முன்சீட்டில் இரண்டு பேரும் வேற்றுப் பாஷையில் பேசிக்கொண்டே வந்தார்கள். நடுநடுவே சீனன் திரும்பி அவளைப் பார்ப்பான். பார்த்துவிட்டு என்னவோ கேட்பான். இவன் தலையாட்டுவான். அவன் சிரிப்பான். மாட்டுச் சந்தையில் தரகர்கள் மாட்டைத் திரும்பிப் பார்ப்பது இப்படித்தான். பல்லைப் பிடித்துப் பார்க்காதது ஒன்றுதான் குறை.

வண்டி ஒரு கடை வீட்டு முன்னால் நின்றது. சீனன் இறங்கி உள்ளே குரல் கொடுத்தான். தடித்த சீனத்தி ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நேராக ஜன்னலுக்கு வந்து, சந்திரமதியின் மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். வளையலைத் தொட்டாள். கன்னத்தைத் தட்டினாள். திருப்தி மாதிரித் தலையை ஆட்டினாள். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புக் காகித உறையை எடுத்து அவளைக் கூட்டிவந்தவனிடம் நீட்டினாள். அவன் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். உறையின் வாயில் நோட்டின் முனை தெரிந்தது.

முடிந்தது. விற்றாயிற்று.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. இனி இறங்கச் சொல்வார்கள், அந்தத் தடித்தவள் கையைப் பிடித்து உள்ளே இழுப்பாள், அம்மாவுக்கு யார் சொல்வார்கள், ஆடி ஆடி என்று குதித்தாளே, ஆவணியில் அனுப்பி என்ன கண்டாள் என்றெல்லாம் எண்ணம் ஓடியது. ஆனால் யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை. சீனத்தி கையை ஆட்டினாள். வண்டி மறுபடி ஓடியது. இது அச்சாரம்தான் போலிருக்கிறது, ஒப்படைக்கிற இடம் வேறு என்று நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மல்லிகைப்பூ வாசனை வந்தது. கண்ணைத் திறந்தாள். ஒரு பலகையில் 'மளிகை' என்று எழுதியிருந்தது. தமிழில் எழுதியிருந்தது. அடுத்த கடையில் வெற்றிலை, வாழைத்தார், காது வளர்த்த ஒரு கிழவி, வேட்டி கட்டிய ஆட்கள். வண்டி சிராங்கூன் ரோட்டில் வந்துகொண்டிருந்தது. அந்த எழுத்தைப் பார்த்ததும் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. சரி, சீனாவில் இல்லை. ஊர் சரிதான்.

ஆனால் முன்சீட்டில் இருப்பவன் யார்? தமிழ்நாட்டில் திருடன் இல்லையா, சிங்கப்பூர்த் தமிழரில் மட்டும் இல்லாமல் போய்விடுவானா? இதோ நம் ஜனங்கள் நடமாடுகிறார்கள், ஒரு சத்தம் போட்டால் ஓடிவருவார்கள். அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. ஒருவேளை இவன்தான் அவன் என்றால்? சத்தம் போட்டுக் கூட்டம் கூடி, போலீஸ் வந்து, கடைசியில் இவன்தான் அவள் புருஷன் என்று ஆகிவிட்டால், கட்டின புருஷனைத் தெரியாதவள் என்று இந்தத் தெரு முழுக்கச் சிரிக்கும். செத்தாலும் அந்தப் பேர் போகாது. கத்தினால் மானம் போகும், கத்தாவிட்டால் அவளே போய்விடுவாள். அந்த இரண்டுக்கும் நடுவில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தபோது வண்டி பஃபலோ ரோட்டில் திரும்பி நின்றுவிட்டது.

சீனன் பெட்டியை இறக்கி வைத்தான். இவன் அவனுக்குக் காசு கொடுக்கவில்லை. அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினான், அவ்வளவுதான். அப்படியென்றால் கூட்டாளிகளேதான். அவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

மரப்படி ஏறி மாடிக்குப் போக வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் போனான். படியடியில் நிறையச் செருப்புகள் கழற்றிக் கிடந்தன. நல்ல குடித்தனக்காரர்கள் இருக்கிற இடம்தான் என்று மனசில் பாரம் ஒரு நூல் இறங்கியது. மேலே ஒரு கதவு திறந்து, ஆரத்தித் தட்டோடு ஒரு நடுவயசுப் பெண் வந்தாள். பக்கத்து அறையில் குடியிருக்கிற தங்கம் அவள்.

"வந்துட்டீங்களா? வாம்மா ராசாத்தி. கோவிந்தசாமி, அவளை ஏன்பா பின்னாலேயே வுட்டுட்டு வர்றே? சேர்ந்து நில்லுங்க லா. வெளக்கு வச்சு எவ்வளவு நேரமாச்சு."

கோவிந்தசாமி. பேர் சொல்லிவிட்டாள். சந்திரமதிக்குப் போன உயிர் பாதி திரும்பியது. உடனே அத்தைக்காரி நினைவுக்கு வந்தாள். கூட ஒரு பொம்பளையையும் வச்சிருப்பானுவளாம், தேனா பேசுறதுக்கு. அந்தப் பெண் என்னவோ தேனாகத்தான் பேசினாள்.

அவள் தலையைக் குனிந்தாள். குனிந்த கண்ணுக்கு அந்தக் கறுப்புச் சப்பாத்துகள் தெரிந்தன. அவன் அவற்றைப் படியடியில் கழற்றவில்லை. மேலே வந்தும் கழற்றவில்லை. வாசற்படிக்கு உள்ளே சாமி படத்துக்குக் குத்துவிளக்கு எரிந்தது. அவன் சப்பாத்துக் காலைத் தூக்கி அந்த வாசற்படிமேலேயே வைத்தான்.

விளக்கு எரிகிற வீட்டுக்குள் செருப்போடு நுழைகிறவன் நம்ம ஆளா? தமிழ்ப் பிள்ளையா? எந்த வீட்டு வளர்ப்பு இது? இவ்வளவு நேரம் மூக்கையும் மீசையையும் வைத்துக் குழம்பிக்கொண்டிருந்தவளுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அவள் பின்னால் நகர்ந்து படிக் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

"நான் உள்ள வரமாட்டேன்," என்றாள். தங்கத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். விமானத்தை விட்டு இறங்கியபின் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"ஏம்மா? என்னாச்சு?"

"அவங்களச் சப்பாத்தக் கழட்டச் சொல்லுங்க. கால் தெரியணும். கால் தெரிஞ்சாத்தான் வருவேன். இல்லேன்னா இங்கேயே கத்துவேன்."

தங்கத்தின் முகம் மாறிப்போயிற்று. அவள் கோவிந்தசாமியைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

"அது அப்புறம் ஆவட்டும்மா," என்றாள் தங்கம். "வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போறது. நேரமாவுது, ஆரத்தி எடுத்துடறேன்."

"கழட்டச் சொல்லுங்க."

குரல் இறங்கவில்லை. கோவிந்தசாமி திரும்பி வந்தான். அவளுடைய தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தான். இடது சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தான். சப்பாத்தை இழுத்து, காலுறையை உருவினான்.

கட்டைவிரல்மேல் அடுத்த விரல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஐந்து வருஷமாக அது கொஞ்சம்கூட இறங்கவில்லை.

சந்திரமதி கைப்பிடியை விட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை நேரம் அடக்கி வைத்த அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. தங்கம் தட்டைக் கீழே வைக்கவும் தெரியாமல், இவளைப் பிடிக்கவும் தெரியாமல் நின்றாள்.

அழுகை அடங்கியதும் ஒரு கேள்வி எழுந்தது. இப்போது அவனிடமே கேட்டாள்.

"அப்ப அந்தச் சீனத்தி எதுக்குப் பணம் குடுத்தா?"

"அதுவா? அவ ஆ செங் பொண்டாட்டி. டாக்சி ஓட்டுனானே, அவன் சம்சாரம். கல்யாணப் பொண்ணுன்னா செவப்பு உறையில மொய் வைப்பாங்க. நீ என்னன்னு நெனச்சே?"

"என்னை வித்துட்டீங்கன்னு நெனச்சேன்."

தங்கம் பக்கென்று சிரித்துவிட்டாள். கோவிந்தசாமி சிரிக்கவில்லை.

"ஆ செங் முன்னாடி துறைமுகத்துல என்னோடதான் வேலை பாத்தான்," என்றான். "அவன்தான் என்னை இழுத்துப் போட்டவன்."

"எங்கேருந்து?"

அவன் வலது சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"வேணாம்," என்றாள் அவள். "போதும். அடையாளம் தெரிஞ்சிடுச்சு."

"இதையும் பாத்துடு."

சப்பாத்து வந்தது. உள்ளேயிருந்து ஒரு துணிச்சுருளும் வந்தது. அந்தக் காலில் கட்டைவிரலும் அதற்கு அடுத்ததும் மட்டும் இருந்தன. மற்ற மூன்றும் இருந்த இடத்தில் சுருங்கிய தோல் மினுமினுத்தது. ஓரத்தில் புதிதாக உரசி ரத்தம் கசிந்திருந்தது. விமானம் வருகிற வரைக்கும் அந்தச் சப்பாத்தில் நின்றிருந்தான்.

"இரும்புத் தகடு வுழுந்துச்சு. ரெண்டு வருஷம் ஆகப்போவுது. இப்ப மூட்டை தூக்க முடியாது. ஒரு கிட்டங்கியில ஜாகா வேலை, ராத்திரிக் காவல். ஊருக்கு எழுதல. எழுதியிருந்தா உங்கப்பா உன்னை அனுப்பியிருக்க மாட்டாரு." அவன் காலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சட்டத்துக்குப் பயந்துதான் அவசரமாக் கூப்பிட்டேன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. எனக்கு இந்தக் கால் சேதி ஊருக்கு எட்டிடுமோன்னுதான் பயம். கார்ல உன் பக்கத்துல உக்காந்தா வாய்தவறிச் சொல்லிடுவேனோன்னு முன்னால போய் உக்காந்தேன். வூட்டுக்குள்ள வந்து, நீ ஒரு வாய் சாப்பிட்டப்புறம் காட்டலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் கழட்டல. வெளக்குக்கு முன்னால தப்புதான்."

அவள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பிப் போவணும்னாலும் சொல்லு. டிக்கெட்டுக்கு நான் வழி பண்றேன். உன்மேல குத்தம் சொல்ல மாட்டேன்."

அப்போதுதான் சந்திரமதி தலையை நிமிர்த்தினாள். தாலி கட்டி ஐந்து வருஷம் கழித்து, விளக்கு வெளிச்சத்தில், புருஷன் முகத்தை முழுசாகப் பார்த்தாள். விமான நிலையத்திலிருந்து அவள் பட்டுக்கொண்டு வந்த அதே பயம் அந்த முகத்தில் இருந்தது. அவன் அவளைப் பார்க்கத் துணியாமல் துணிச்சுருளைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"மீசை எங்க?" என்றாள்.

"நரைச்சிருந்துச்சு. வயசாளின்னு நெனச்சுடுவியோன்னு நேத்துத்தான் எடுத்தேன்."

"வச்சுக்குங்க."

"திரும்பிப் போவலியா?"

"அஞ்சு வருஷமா அந்த ஒரு விரலைத்தான் புருஷன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள் சந்திரமதி. "அது இருக்குதில்ல?"

எழுந்து அந்தச் சப்பாத்துகள் இரண்டையும் எடுத்தாள். படியிறங்கிப் போய் மற்றவர்களின் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மேலே வந்தாள். இருவரும் வெறுங்காலோடு வாசற்படியில் சேர்ந்து நின்றார்கள். தங்கம் ஆரத்தி சுற்றினாள்.